டாஸ் நிரலின் பிழையை எங்கே தேடுவது: பழைய கணினியிலா, எமுலேட்டரிலா, மெய்நிகர் கணினியிலா?

டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக டர்போ பாஸ்கல் 7 என்ற மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல். 486 செயலி உள்ள கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. பென்டியம் 2-இல் போட்டால், உங்கள் முதல் வரியைக்கூடத் தொடாமல் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றுவிடுகிறது. 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்த பிழை. நிரலிலோ ஒரு வகுத்தல்கூடக் கிடையாது. எழுதியவர் முதலில் தன் கோடை, அதாவது எழுதிய நிரலை, வரிவரியாகப் படிப்பார். பிறகு ராமைக் கழற்றி மாட்டுவார். கடைசியில் செயலியையே சந்தேகிப்பார்.

உண்மையான காரணம் அந்த மொழியோடு ஆயத்தமாக வரும் சிஆர்டி யூனிட் என்ற நிரல் தொகுப்பில் இருக்கிறது. அதிலுள்ள, நிரலைச் சற்று நிறுத்தி வைக்கும் டிலே கட்டளை சரியாக வேலை செய்ய, கணினியின் வேகம் அதற்குத் தெரிய வேண்டும். அதனால் நிரல் தொடங்கியதும், கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லி விநாடிக்குள், ஒரு வெற்றுச் சுற்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கிறது. விடை 65,535-க்குள் அடங்கியாக வேண்டும். எண்ணிக்கை 36 லட்சத்தைத் தாண்டினால் அடங்காது. அப்போது செயலி வகுத்தல் பிழையை எழுப்பும். பாஸ்கல் அதைப் பூஜ்யத்தால் வகுத்ததாக எடுத்துக்கொண்டு 200 என்று காட்டும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை ஒட்டித்தான் இது தலைகாட்டத் தொடங்கும். 7-ஆம் பதிப்பு வந்தது 1992-இல். அப்படி ஒரு வேகத்தை அன்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. திருத்திய சிஆர்டி யூனிட்டைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தால் தீர்ந்தது.

இதை எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப்போல் நடிக்கும் மென்பொருளில், ஓட்டியிருந்தால் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, பிழை வேகத்தோடு வருகிறது, போகிறது என்று ஒரே நிமிடத்தில் கண்டிருக்கலாம். பழைய கணினியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஒரு வாரம்கூடப் போகும். வேறு சில பிழைகளில் கதை நேர்மாறு: எமுலேட்டரில் எத்தனை மாதம் ஓட்டினாலும் அவை தெரியவே தெரியாது.

டாஸ், விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்கு இன்று நிரல் எழுத வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'பழைய கணினி ஒன்று வாங்கியே ஆக வேண்டுமா, எமுலேட்டர் போதாதா?' என்பதுதான். என் பதில் ஒன்றுதான்: உங்களுக்கு எதன் மேல் சந்தேகமோ, அதைப் பொறுத்துத் தேடும் இடம் மாற வேண்டும். எந்தச் சந்தேகத்துக்கு எந்த இடம் என்பதைக் கீழே எடை போட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, பிழையை வேண்டியபோது திரும்ப வரவழைக்க முடிகிறதா என்பது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, அதுவும் சில நாள் மட்டும் வரும் பிழையைத் திருத்தினோமா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. எந்த ஏற்பாட்டில் பிழை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிறதோ, அதுவே பிழை தேட நல்ல இடம்.

அடுத்தது, உள்ளே எட்டிப் பார்க்கும் வசதி. டாஸில் நிரலுக்கும் நினைவகத்துக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இல்லை. தவறான சுட்டி (பாயிண்டர்) ஒன்று 0000:0000 முகவரியில் எழுதினால், அங்கே இருக்கும் இன்டரப்ட் அட்டவணை சிதைந்துவிடும். கடிகாரம், கீபோர்ட் போன்றவை செயலியை இடைமறித்து அழைப்பதுதான் இன்டரப்ட்; அப்போது எங்கே தாவுவது என்பது அந்த அட்டவணையில் இருக்கிறது. 256 இன்டரப்ட்டுகளுக்கும் நான்கு நான்கு பைட்டாக மொத்தம் 1,024 பைட். அதில் கடிகாரத்துக்கான இடம் கெட்டால் கணினி அந்தக் கணமே உறையும். பிழை தேட உதவும் டிபக்கரும் அதே கணினியில்தான் ஓடுகிறது, அதனால் அதுவும் கூடவே போய்விடும். எனவே கணினிக்கு வெளியே நின்று பார்க்கும் ஒரு கண் இருக்கிறதா என்பது டாஸில் மிகப் பெரிய விஷயம்.

மூன்றாவது, உண்மைக்கு எவ்வளவு நெருக்கம் என்பது. நேரம், போர்ட்டுகள் (செயலி கார்டுகளோடு பேசும் எண்ணிட்ட வாயில்கள்), நினைவகத்தில் ஏற்கெனவே கிடக்கும் குப்பை, கார்டுகளுக்குள் வரும் மோதல் எல்லாம் இதில் அடக்கம். நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடிகிறதா என்பது. கடைசியாக, திருத்தி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்கும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு மாலையில் ஐம்பது முறை முயல முடிவதற்கும் ஐந்து முறை மட்டும் முயல முடிவதற்கும் இடையில்தான் பலர் இந்தப் பொழுதுபோக்கையே கைவிடுகிறார்கள்.

## அசல் கணினி

உண்மைக்கு நெருக்கம் என்று பார்த்தால் இதுதான் உண்மை, பேச்சுக்கே இடமில்லை. ஆட்லிப் சவுண்ட் கார்டு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இசை எழுப்பும் ஓபிஎல்2 சிப்புக்கு 388 என்ற போர்ட்டில் (இங்கே வரும் போர்ட் எண்கள் எல்லாம் ஹெக்ஸில்) பதிவேட்டின் எண்ணை எழுதியபின் 3.3 மைக்ரோ விநாடியும், அடுத்த போர்ட்டில் மதிப்பை எழுதியபின் 23 மைக்ரோ விநாடியும் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இதற்குச் சொல்லித் தந்த வழி, நிலைமைப் போர்ட்டை முதலில் 6 முறையும் பிறகு 35 முறையும் படிப்பது. இந்தக் காத்திருப்பு இல்லாமல் எழுதினால், பல எமுலேட்டர்களில் பாட்டு பிசிறில்லாமல் ஒலிக்கும். அசல் கார்டில் சில சுரங்கள் விழுங்கப்படும், சில விடாமல் நீளும். எமுலேட்டரில் நன்றாக ஒலித்தது என்ற நம்பிக்கையில் நிரலை வெளியிட்டவருக்கு, கேட்பவர் சொல்வது புரியவே புரியாது.

கார்டுகளின் மோதலும் இப்படித்தான். மவுஸ் காம்1 என்ற சீரியல் போர்ட்டில், மோடம் காம்3-இல். வழக்கமான அமைப்பில் இரண்டுக்கும் இன்டரப்ட் எண் 4. மோடம் பேசத் தொடங்கியதும் மவுஸ் நிற்கும். சவுண்ட் கார்டு இன்டரப்ட் 7-ஐ எடுத்துக்கொண்டால் பிரிண்டர் போர்ட்டோடு மோதும். உங்கள் நிரல் இத்தகைய கணினிகளில் ஓட வேண்டுமென்றால், ஒருமுறையாவது அப்படிப்பட்ட கணினியில் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

உள்ளே எட்டிப் பார்ப்பது இங்கே கடினம்; ஆனால் முடியாததல்ல. சீரியல் போர்ட் வழியாக இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்புவது பழைய வழி. அதில் ஒரு குறை உண்டு. 9600 பாடில் ஓர் எழுத்து போக ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். நேரம் சார்ந்த பிழை அந்தத் தாமதத்திலேயே மறைந்துவிடலாம். எனக்குப் பிடித்த வழி போஸ்ட் கார்டு. கணினி விழிக்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற உள் நிரல், 80 என்ற போர்ட்டில் எழுதும் எண்களை இரண்டு இலக்கத்தில் காட்டும் சின்னக் கார்டு அது. அதே போர்ட்டில் உங்கள் நிரலும் எழுதலாம். முக்கியமான ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு எண்ணை ஓர் அவுட் கட்டளையால் எழுதி வையுங்கள். கணினி உறைந்தபின்னும் கடைசி எண் கார்டில் அப்படியே நிற்கும். ஆகும் தாமதமோ ஒன்றிரண்டு மைக்ரோ விநாடி. விஜிஏ வீடியோ கார்டோடு பழைய மோனோகுரோம் கார்டு ஒன்றும் இருந்தால், டர்போ டிபக்கரை இரண்டாவது திரைக்கு அனுப்பிவிட்டு, நிரலின் கிராஃபிக்ஸை முதல் திரையில் பார்க்கலாம்.

இனி மறைந்த செலவு. கணினியின் விலை அதில் மிகச் சிறியது. பெரியது, கணினியே பொய் சொல்லும் சாத்தியம். 386, 486 மதர்போர்டுகளில் பீப்பாய் போன்ற 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசிந்தால் காரம் பக்கத்திலுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். பெரும்பாலும் கீபோர்ட் இணைப்புக்கு அருகில்தான் அது இருக்கும், அதனால் கீபோர்ட்தான் முதலில் கோளாறு காட்டும். இன்னும் கசியவில்லை என்றாலும் இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்திருந்தால் வினிகரைத் தொட்டு நடுநிலையாக்கி, கழுவி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைக்க வேண்டும். 1999 முதல் சில ஆண்டுகள் வந்த மதர்போர்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் மிகுதி. தலை வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. 486-இல் ஒரு கிராஃபிக்ஸ் நிரல் இருபது நிமிடம் ஓடியபின் உறையும். தப்பு என் கோடில்தான் என்று மூன்று வார இறுதிகளை அதைப் படித்தே கழித்தேன். கடைசியில் அதே எக்ஸ்இ கோப்பை எமுலேட்டரில் இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். 5 வோல்ட் கம்பியில், வேலைப் பளுவோடு அளந்தபோது, 4.6 வோல்ட் காட்டியது. 4.75-க்குக் கீழே போகக் கூடாது. பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களை மாற்றியதும் உறைவது நின்றது. அன்றிலிருந்து பழைய கணினியில் கோடைத் திறப்பதற்கு முன்னால் வோல்ட்டை அளக்கிறேன், மெம்டெஸ்ட்86+ ஓட்டுகிறேன், பயாஸில் வெளி கேஷை (செயலிக்கு வெளியே உள்ள வேக நினைவகத்தை) அணைத்தும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். கேஷ் அணைத்ததும் பிழை போய்விட்டால் முதலில் கேஷ் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கேஷ் போனால் வேகமும் குறையும் என்பதால், நேரம் சார்ந்த கோட் பிழையும் அதோடு ஒளிந்துகொள்ளக்கூடும். அந்த இரண்டில் எது என்று பிரித்துக் காட்டுவது எமுலேட்டர்தான்.

டிஸ்க்கின் வரம்பும் நேரத்தைத் தின்னும். பழைய பயாஸ்கள் 528 எம்பிக்கு மேல் காணாது. 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், 512 பைட் என்று பெருக்கினால் வருவது அவ்வளவுதான். ஐடிஇ அடாப்டரில் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு மாட்டுவது இன்று எளிய வழி. அதைக் கழற்றிப் புதிய கணினியில் செருகிக் கோப்பை மாற்றலாம் என்பதால், திருத்தி ஓட்டும் சுற்றும் சுருங்குகிறது.

அசல் கணினி எப்போது மேல்? நீங்கள் எழுதுவது கார்டுகளோடும் போர்ட்டுகளோடும் நேராகப் பேசும் நிரல் என்றால். பிரிண்டர் போர்ட்டில் சொந்தச் சர்க்யூட் மாட்டி ஓட்டுகிறீர்கள் என்றால். கோளாறு வன்பொருளிலேயே என்றால், வேறு வழியே இல்லை.

## டாஸ்பாக்ஸும் அதன் கிளைகளும்

டாஸ்பாக்ஸ் ஒரு முழுக் கணினியை அப்படியே உருவாக்கிக் காட்டுவதில்லை. விளையாட்டுகள் ஓடும் அளவுக்கு டாஸையும் அதற்கு வேண்டிய வன்பொருளையும் தானே நடத்திக் காட்டுகிறது. மூலப் பதிப்பின் 0.74-3 வெளிவந்தது 2019-இல். இன்று வளர்ச்சி பெரும்பாலும் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஆகிய கிளைகளில் நடக்கிறது. நிரல் எழுதுகிறவருக்கு நான் சொல்வது டாஸ்பாக்ஸ்-எக்ஸ். விண்டோஸ் 95, 98-ஐயும் அதில் நிறுவலாம் என்பது ஒரு காரணம். டிபக்கர் இன்னொரு காரணம்.

திருத்தி ஓட்டும் வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. புதிய கணினியின் ஒரு ஃபோல்டரையே சி டிரைவாக மவுன்ட் செய்து, உங்களுக்குப் பழகிய எடிட்டரில் எழுதி, உள்ளே கம்பைல் செய்யலாம். வெளியே மாற்றிய கோப்பு உள்ளே தெரியவில்லை என்றால் ரீஸ்கேன் (RESCAN) கட்டளையைக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல், திருத்தியும் பிழை போகவில்லை என்று தலையில் கை வைத்தவர்கள் பலர்.

டிபக்கர் சேர்த்து உருவாக்கிய பதிப்பு ஒன்று கையில் இருக்கட்டும். அது கணினிக்கு வெளியே இருந்து பார்க்கும் கண். உள்ளே டாஸ் உறைந்தாலும், இன்டரப்ட் அட்டவணை சிதைந்தாலும், வெளியிலிருந்து நிறுத்தி, எந்த முகவரியில் நிற்கிறது, நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். சுட்டிப் பிழைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. டர்போ சியில் சின்ன நினைவக மாடலில் எழுதினால், நிரல் முடியும்போது 'நல் பாயிண்டர் அசைன்மென்ட்' என்ற எச்சரிக்கையாவது வரும். பெரிய மாடலில் அதுவும் வராது. எழுதியது நேராக 0000:0000-க்கே போய்விடும்.

குறைகளுக்கு வருவோம். இதன் வேகக் கணக்கு வேறு. சைக்கிள்ஸ் என்ற எண், ஒரு மில்லி விநாடியில் எத்தனை கட்டளை என்பதைத்தான் குறிக்கிறது. பெருக்கலும் கூட்டலும் அதற்கு ஏறத்தாழ ஒரே விலை. அசல் 386-இல் பெருக்கல் பல மடங்கு மெதுவு. ஆகவே 'இந்தச் சுற்றை வேகமாக்கிவிட்டேன்' என்று டாஸ்பாக்ஸில் அளந்து சொல்லும் முடிவை நம்ப முடியாது.

அடுத்த குறை அதைவிட ஆபத்தானது. தொடக்கத்தில் நினைவகம் முழுக்கப் பூஜ்யமாக இருக்கிறது. மதிப்புக் கொடுக்க மறந்த மாறியில் இங்கே தற்செயலாகப் பூஜ்யமே இருக்கும், நிரல் ஓடும். அசல் கணினியில் முன்பு ஓடிய நிரல்கள் விட்டுப்போன குப்பை இருக்கும், நிரல் விழும். 'எமுலேட்டரில் ஓடுகிறது, அசல் கணினியில் விழுகிறது' என்று கேள்விப்படும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான். சோதிக்க எளிய வழி உண்டு. காலியாக உள்ள நினைவகம் முழுவதையும் 204 (ஹெக்ஸில் CC) என்ற மதிப்பால் நிரப்பிவிட்டு வெளியேறும் ஒரு குட்டி நிரலை எழுதி, உங்கள் நிரலுக்கு முன்னால் ஓட்டுங்கள். 204 என்பது, டிபக்கரை அழைக்கும் இன்டரப்ட் 3-க்கான கட்டளையும்கூட. நிரல் வழி தவறி அந்தப் பகுதிக்குத் தாவினால் டிபக்கர் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

அல்காரிதம், விளையாட்டின் தர்க்கம், கோப்பு வடிவம், சுட்டிகள், திரை வரைதல் எல்லாவற்றுக்கும் இதுவே முதல் இடம். வன்பொருளில் சந்தேகம் என்றால் இது ஒரு சாட்சி மட்டுமே: கோட் குற்றமற்றது என்பதற்கு ஓரளவு சாட்சி.

## 86பாக்ஸ்: முழுக் கணினியின் நகல்

பிசிஎம் என்ற எமுலேட்டரிலிருந்து கிளைத்தது 86பாக்ஸ். இது ஒரு குறிப்பிட்ட மதர்போர்டை, அதன் சிப்செட்டை, வீடியோ கார்டை, சவுண்ட் கார்டை சிப் அளவில் நடத்திக் காட்ட முயல்கிறது. பயாஸ் திரை வரும், நினைவகத்தை எண்ணும், டிஸ்க்கைப் பகுதி பிரித்து ஃபார்மேட் செய்து, அசல் எம்எஸ்-டாஸ் 6.22-ஐ ஃபிளாப்பி இமேஜ்களிலிருந்து நிறுவ வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் வசதியில் இதற்கு நிகரே இல்லை என்பதற்காகத்தான். இதே நிரல் 8088-இல் எப்படி, 386-இல் எப்படி? வீடியோ கார்டை மட்டும் மாற்றினால்? சிஜிஏ என்ற பழைய வீடியோ கார்டில், ஒரு வரியில் 80 எழுத்து காட்டும் முறையில், திரை வரையப்படும் நேரத்தில் நினைவகத்தைத் தொட்டால் பனித்துளிபோல் புள்ளிகள் தெறிக்கும். மூல டாஸ்பாக்ஸில் அதைக் காண முடியாது. அசல் கணினிகளைக் கொண்டு இத்தனை சேர்க்கைகளைச் சோதிக்க ஓர் அறை நிறையச் சாமான் வேண்டும்.

மறைந்த செலவு இரண்டு. பயாஸ் ரோம் கோப்புகள் இல்லாமல் இது விழிக்காது. அவற்றின் உரிமை தயாரித்தவர்களுடையது. மற்றொன்று, வேலை முழுவதும் செயலியின் ஒரே கோரின் மேல் விழுவதால், 486-ஐ இலகுவாக ஓட்டும் லேப்டாப், வேகமான பென்டியத்தைக் கேட்டதும் திணறும். கோர்கள் பல இருப்பதால் பயனில்லை. நூறு சதவீத வேகத்துக்குக் கீழே போனால் ஒலி விட்டுவிட்டு வரும். அதை உங்கள் கோடின் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். சாளரத்தின் தலைப்பில் காட்டும் சதவீதத்தை முதலில் பாருங்கள்.

அசல் கணினி வாங்க முடியாதவருக்கு இது மிக நெருங்கிய மாற்று. இருக்கிறவருக்கும், 'என் கணினியில் மட்டுமா, எல்லாக் கணினியிலுமா?' என்ற கேள்விக்கு விடை சொல்லும்.

## மெய்நிகர் கணினி: விர்ச்சுவல்பாக்ஸ், க்யூஎம்யூ

இவை இன்றைய செயலியின் வன்பொருள் வசதியைக் கொண்டு, அதன் முழு வேகத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. டாஸுக்கு அந்த வேகமே பகை. மேலே சொன்ன எரர் 200 இங்கே வந்தே தீரும். விண்டோஸ் 95-க்கும் இதே நோய் உண்டு: 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடும் ஏஎம்டி கே6-2 செயலிகளில், வேகத்தை அளக்கும் ஒரு சுற்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்து வகுத்தல் பிழையில் விழும். திரையில் வருவதோ 'விண்டோஸ் ப்ரொடெக்ஷன் எரர்'. இன்றைய செயலியில் அமைத்த மெய்நிகர் கணினியிலும் அதே செய்தியைக் காணலாம்.

விண்டோஸ் 98-க்கு இன்னும் இரண்டு பொறிகள். ராம் தாராளமாகக் கொடுத்தால் தன் கேஷை அளவுக்கு மீறிப் பெரிதாக்கிக்கொண்டு 'நினைவகம் போதவில்லை' என்று நிற்கும். 512 எம்பிக்கு மேல் போகாதீர்கள், 256 போதும். மற்றொன்று, நினைவகப் பக்க அட்டவணையை மாற்றியபின் செயலியின் டிஎல்பியை (அந்த அட்டவணையின் பதிவுகளைச் செயலி நினைவில் வைக்கும் இடம்) சரியாக அழிக்காத பழைய பிழை. அன்றைய செயலிகளில் அது வெளியே தெரியவில்லை. புதிய செயலிகளின் மேல் மெய்நிகர் கணினியாக ஓட்டும்போது காரணமற்ற விபத்துகளாக வெளிப்படுகிறது. இதற்கென ஆர்வலர்கள் செய்த ஒட்டுத் திருத்தம் உண்டு. அதைப் போடாமல் உங்கள் நிரலைச் சந்தேகிக்க வேண்டாம்.

சிறிய தொல்லை ஒன்று: டாஸ் சும்மா இருக்கும்போதும் கீபோர்டைக் கேட்டுக்கொண்டே சுற்றும், அதனால் உங்கள் செயலியின் ஒரு கோர் முழுதாக எரியும். டாஸின் இலவச மாற்றான ஃப்ரீடாஸில் எஃப்டிஏபிஎம் என்ற குட்டி நிரலைப் போட்டால் அடங்கும்.

இவ்வளவு சொன்னபின்னும் இரண்டு இடங்களில் இதுதான் சரி. விண்டோஸ் 2000, எக்ஸ்பி நிரல்களுக்கு இதைவிட வசதி இல்லை. நிலைமையை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கெடுத்துப் பார்த்துவிட்டு மீளலாம். இரண்டாவது, க்யூஎம்யூவில் ஜிடிபி டிபக்கரை வெளியிலிருந்து இணைக்கலாம். பூட் செக்டரோ சொந்த இயங்குதளமோ எழுதுகிறவருக்கு, முதல் கட்டளையிலிருந்தே ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க இது அருமையான கருவி.

## புதிய கணினியில் நேராக ஃப்ரீடாஸ்

1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் இன்னும் வளர்கிறது, 1.3 பதிப்பு 2022-இல் வந்தது. பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் உண்மையான செயலியில் உண்மையான டாஸ் கிடைக்கும். ஆனால் பழைய பயாஸ் முறை இல்லாத, அதற்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள கணினியில் இது விழிக்காது. விழித்தாலும் 220 என்ற போர்ட்டில் சவுண்ட் கார்டு இருக்காது. பிரிண்டர் போர்ட்டைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டாகச் சேர்த்தால் முகவரி 378 ஆக இருக்காது. யுஎஸ்பியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் கேபிள் போர்ட் ஆகவே ஆகாது; அது பிரிண்டருக்கு மட்டும். திரையும் கீபோர்டும் கணக்கும் போதும் என்ற நிரல்களுக்குச் சரி. மற்றபடி, பழைய உலகின் பிழையைத் தேட இது பொருத்தமான இடம் இல்லை.

## ஒரே பார்வையில்

| | அசல் கணினி | டாஸ்பாக்ஸ்-எக்ஸ் | 86பாக்ஸ் | மெய்நிகர் கணினி | புதிய கணினியில் ஃப்ரீடாஸ் |
|---|---|---|---|---|---|
| பிழையைத் திரும்ப வரவழைத்தல் | வன்பொருளின் உடல்நிலையைப் பொறுத்தது | மிக நன்று | மிக நன்று | நன்று. ஸ்னாப்ஷாட் உண்டு | சுமார் |
| உள்ளே பார்த்தல் | போஸ்ட் கார்டு, சீரியல், இரண்டாம் திரை | வெளி டிபக்கர் | சுமார் | க்யூஎம்யூவில் ஜிடிபி | டாஸ் டிபக்கர் மட்டும் |
| நேரம், போர்ட் உண்மை | உண்மையே | குறைவு | நெருக்கம் | மிகக் குறைவு | பழைய கார்டுகளே இல்லை |
| ஒன்றை மட்டும் மாற்றுதல் | உதிரி தேவை | வேகம், நினைவகம் | எல்லாமே | ராம், டிஸ்க் | இல்லை |
| திருத்தி ஓட்டும் சுற்று | மெதுவு | விநாடிகள் | சில நிமிடம் | சில நிமிடம் | மறுபூட் |
| மறைந்த செலவு | பேட்டரி, கெப்பாசிட்டர், இடம் | பொய்யான நம்பிக்கை | வேகமான கோர், ரோம் | வேகத்தால் வரும் போலிப் பிழை | பூட் ஆகுமா என்பதே |

## அறிகுறியைக் கொண்டு முடிவெடுத்தல்

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிறதா? கோடின் மேல்தான் சந்தேகம். டாஸ்பாக்ஸ்-எக்ஸும் டிபக்கரும் போதும்; ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், சூடேறிய பிறகு விழுகிறதா? அதே கோப்பை எமுலேட்டரில் சில மணி நேரம் ஓட்டுங்கள். அங்கே அசையாமல் ஓடினால் வோல்ட், ராம், கேஷ் என்ற வரிசையில் அசல் கணினியைச் சோதியுங்கள். அங்கேயும் விழுந்தால் சந்தேகம் மறுபடி கோடுக்குத் திரும்புகிறது. இன்டரப்ட் கையாளும் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

எமுலேட்டரில் ஓடி, அசல் கணினியில் மட்டும் எப்போதும் விழுகிறதா? 204 நிரப்பும் சோதனை முதலில். அது தேறினால் நேரம்: சவுண்ட் கார்டின் காத்திருப்பு, திரையை வரைந்து முடித்த கதிர் மேலே திரும்பும் இடைவெளிக்குக் காத்திருப்பது. அதுவும் தேறினால் 86பாக்ஸில் உங்கள் கணினிக்கு நெருங்கிய மதர்போர்டையும் கார்டையும் அமைத்துப் பாருங்கள். அங்கே பிழை வந்துவிட்டால், இனி எமுலேட்டரில் இருந்துகொண்டே தேடலாம்.

வேகமான கணினியில் மட்டும் விழுகிறதா? டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸை 3,000-இலிருந்து படிப்படியாக ஏற்றி, எந்த எண்ணில் விழத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தை அளக்கும் சுற்றோ, வெற்றுச் சுற்றால் நேரம் கடத்தும் இடமோ கட்டாயம் சிக்கும். அதைக் கடிகார இன்டரப்ட்டை எண்ணும் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த ஒப்பீடு எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது: இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே கோப்பாக இருக்க வேண்டும். அங்கே ஒரு கம்பைல், இங்கே ஒரு கம்பைல் என்றால் ஒப்பிடுவதில் பொருளில்லை. எமுலேட்டரில் கம்பைல் செய்த எக்ஸ்இயையே அசல் கணினிக்குக் கொண்டுபோங்கள். ஃபிளாப்பியில் கொண்டுபோவதாக இருந்தால் ஜிப் செய்து கொண்டுபோய் அங்கே பிரியுங்கள். வழியில் ஒரு பைட் மாறியிருந்தாலும் ஜிப்பின் சிஆர்சி சோதனை அங்கேயே சொல்லிவிடும். இல்லாத பிழையைத் தேடி ஒரு மாலை வீணாகாது.